சோலாருக்குப் பணம் தேடும் முன் கரண்ட் பில்லை எடுங்கள்

நான் காங்கேயம் பக்கத்தில் ஊராட்சிச் செயலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் வீடு தேடி வருகிற செயலர்களும் ஊர் இளைஞர்களும் கேட்பது, "ஏனுங்கண்ணா, சோலார் போட எந்த ஸ்கீம்ல பணம் வருமுங்க?" என்றுதான். ஊராட்சியின் போன வருஷத்து ஈபி பில் பன்னிரண்டு மாதத்துக்கும் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது.

அதை முதலில் எடுங்கள். மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போகும். அங்கிருந்து தொடங்கினால் எந்த இணைப்பும் விட்டுப்போகாது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், அலுவலகம் என்று ஒவ்வொரு இணைப்பு எண்ணுக்கும் ஒரு வரி போட்டு, மாதாமாதம் எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். ரூபாயை விட யூனிட் முக்கியம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், யூனிட் பொய் சொல்லாது.

எங்கள் பக்கத்து ஊர்களில் மோட்டார்தான் பெரிய தீனிக்காரன். டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். தொட்டி நிரம்பி வழியும்போது மறுபடி குறியுங்கள். ஒரு தொட்டிக்கு எத்தனை யூனிட் என்பது கைக்கு வந்துவிடும். 5 எச்பி மோட்டார் மணிக்கு ஐந்து யூனிட்டை ஒட்டி இழுப்பது இயல்பு. மணிக்கு இழுக்கிற யூனிட் சரியாக இருந்தும் தொட்டி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் ஆகிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம், பைப்பில் கசிவு இருக்கலாம், போர் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். எது என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டார் மாற்றப் பணம் கேட்க வேண்டும். ரீவைண்டிங் செய்து செய்து ஓட்டிய மோட்டார் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, ஸ்டார் குறியீடு உள்ள புது மோட்டார்தான்.

தெருவிளக்குக் கணக்கு எளிது. பழைய 40 வாட்ஸ் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 52 வாட்ஸ் வரை இழுக்கும். அதே கம்பத்தில் 20 வாட்ஸ் எல்இடி போதும். நூறு விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்றால் நாளைக்கு 35 யூனிட், மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். பட்டப்பகலில் எரிகிற விளக்கை அணைக்க ஒரு டைமர் சுவிட்ச் போட்டாலே இன்னும் குறையும். இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சுகிற தேவைக்குத்தான் சோலார். அப்போது வேண்டிய பேனலும் குறைவு, கேட்கிற பணமும் குறைவு.

சரி, பணத்துக்கு வருவோம். 'சுத்தமான எரிசக்தி' என்ற தலைப்பில் ஊராட்சிக்குத் தனிப் பை கிடையாது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய தலைப்பில் கொண்டுபோக வேண்டும். மோட்டார் மாற்றுவது குடிநீர். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டி வைத்தது. மீதி 40 சதவீதத்தில்தான் விளக்கு போன்றவற்றுக்கு இடம். அடுத்த நிதிக்குழுவின் விகிதம் என்ன என்று பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள்.

பள்ளி, நூலகக் கட்டடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி (ஆண்டுக்கு 3 கோடி), நாடாளுமன்ற உறுப்பினர் நிதி (5 கோடி) இரண்டையும் பாருங்கள். எம்எல்ஏவிடம் வெறும் மனுவோடு போகாதீர்கள். அந்த ஆண்டின் வழிகாட்டுதலில் உங்கள் வேலை அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, கிராம சபைத் தீர்மான நகலையும் சேர்த்துக் கொடுங்கள். நிதியாண்டு தொடங்கிய கையோடு, ஏப்ரல் மே மாதத்திலேயே போய்விடுவது நல்லது. பிப்ரவரியில் போனால் அந்த நிதி யாருக்காவது போய்ச் சேர்ந்திருக்கும். ஊரில் வசதியானவர்கள், வெளியூரில் தொழில் செய்பவர்கள் இருந்தால் நமக்கு நாமே திட்டம்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனி வைத்தவர்கள் இருக்கிற ஊர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

கிராம சபை என்று சொன்னேன் இல்லையா, தீர்மானத்தில் "சோலார் வசதி வேண்டும்" என்று எழுதி வைப்பார்கள். அது போதாது. எந்தக் கட்டடம், எந்த இணைப்பு எண், எத்தனை கிலோவாட், பிற்பாடு யார் பராமரிப்பது என்று எழுத வேண்டும். கோப்பு மேலே போனால் கேள்வி கேட்பவர்கள் இந்த நான்கையும்தான் கேட்பார்கள்.

வீடுகளுக்கு பிஎம் சூர்யா கர் திட்டம், 2024-ல் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். ஊராட்சிக்கும் இதில் பங்கு உண்டு: ஊரில் இப்படிப் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் தேர்ந்தெடுத்து 1 கோடி தரும் போட்டியும் இதில் இருக்கிறது. நம் மாநிலத்தில் 5,000 பேருக்கு மேல் உள்ள வருவாய் கிராமமாக இருக்க வேண்டும். ஆனால் எல்லா வீட்டையும் இழுத்து விடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற நம் ஊரில், 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்குக் கடன் வாங்கிப் பேனல் போட்டு ஆதாயம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளைப் பாருங்கள்.

கடன் என்றால் பயப்படுகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் ஓடந்துறையைச் சொல்வேன். 2006-ல் அந்த ஊராட்சி 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. 40 லட்சம் ஊராட்சியின் சொந்தப் பணம், மீதி வங்கிக் கடன். காற்றாலை நின்றது ஊரில் இல்லை, உடுமலை பக்கம் காற்று வீசுகிற மைவாடியில். மின்சாரத்தை விற்ற வருமானத்திலிருந்தே கடனைக் கட்டினார்கள். வரியை ஒழுங்காக வசூலித்துக் கையிருப்பு வைத்திருந்த ஊராட்சி என்பதால்தான் வங்கி நம்பிக் கொடுத்தது. உங்கள் வீட்டு வரி நிலுவை எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

பணம் வந்து வேலையும் முடிந்த பிறகு இரண்டு விஷயம். வந்த பணத்தை அந்த வேலைக்கே செலவழித்தோம் என்கிற பயன்பாட்டுச் சான்றிதழை உடனே அனுப்புங்கள். அது போகாமல் அடுத்த தவணை நகராது. அப்புறம், ஒப்பந்தத்திலேயே ஐந்து வருடப் பராமரிப்பையும், இன்வெர்ட்டர் நின்றால் எத்தனை நாளில் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் எழுத வையுங்கள். எங்கள் பக்கம் செம்மண் தூசி. மாதம் இரண்டு தரம் பேனலைக் கழுவ ஆளும் தண்ணீர்க் குழாயும் மொட்டைமாடியிலேயே இருக்கும்படி மதிப்பீடு போடும்போதே சேர்த்துவிடுங்கள்.