அகமதாபாத்தில் அரை நாள் மிச்சமா?

ஆபீஸ் வேலையாக அகமதாபாத் போனால், ரிட்டர்ன் ஃப்ளைட்டை மாலைக்குப் போடுங்கள். காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கும், பழைய நகரைச் சுற்றிக் காட்டும் ஹெரிடேஜ் வாக்கில் சேர்ந்துகொள்ளலாம்; மாநகராட்சி 1997-இல் ஆரம்பித்த நடை இது. 'போள்' என்கிற குறுகிய சந்துக் குடியிருப்புகள், செதுக்கிய மர வீடுகள், நடுவே பறவைகளுக்குத் தீனி வைக்கும் சபுத்ரா தூண். 1424-இல் கட்டிய ஜும்மா மசூதியில் நடை முடியும். லேஸ் கட்டிய ஆபீஸ் ஷூ மட்டும் வேண்டாம், கழற்றி மாட்டியே அலுத்துவிடும். செருப்பு போதும்.

முந்தின ராத்திரி மானெக் சவுக். பகலில் நகைக்கடை வீதி, இருட்டினால் சாப்பாட்டுக்கடை வீதி. சாண்ட்விச், குல்ஃபி சாப்பிடுங்கள். தோசையும் உண்டு, வெண்ணெயில் மிதக்கும். நம் நாக்குக்கு அது வேறு ஏதோ பலகாரம்!