10 மீற்றர் எயார் ரைபிள்: புதிதாகப் பழகுவோர் விடும் பிழைகள்

எயார் ரைபிள் (காற்றுத் துவக்கு) பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கொம்பனித் துவக்கு திறம் என்பதைத்தான். கேள்வியில் பிழையில்லை, நேரம்தான் பிழை. இலக்கைக் கொஞ்சம் பாருங்கள். கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. அதன் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி 0.5 மி.மீ. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மி.மீ. குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 80 செ.மீ. இருக்கும். அந்த இரண்டின் நேர்கோடு 0.1 மி.மீ. பிசகினால் 10 மீற்றரில் 1.25 மி.மீ. விலகிவிடும், அதாவது அரை வளையம். இவ்வளவு சிறிய பிசகு பெரும்பாலும் குழலிலிருந்து வருவதில்லை. கன்னம் துவக்கின் கட்டையில் எங்கே படுகிறது, பிடங்கு (கட்டையின் பின்முனை) தோளில் எங்கே உட்காருகிறது, முழங்கை எதில் தாங்குகிறது என்பவற்றிலிருந்துதான் வருகிறது. டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெல சுட்டதும் இந்தப் போட்டியில்தான். ஒலிம்பிக் தரத்துத் துவக்குகள் எல்லாமே ஒரே ஓட்டையில் போடும் என்பதால், அந்த மட்டத்தில் துவக்கின் பெயரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

முதலில் சட்டம். இலங்கையில் துவக்கு விடயங்கள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ‘காற்றுத் துவக்குத்தானே’ என்று வெளிநாட்டுக் கடையொன்றில் இணையத்தில் கட்டளையிட்டுவிட்டு, பெட்டி சுங்கத்தில் நின்ற பிறகு ஆள் தேடுவது மிக விலையுயர்ந்த பிழை. பதிவுபெற்ற கழகமொன்றில் சேர்ந்து கழகத்துத் துவக்கில் பழகுங்கள். சொந்தத் துவக்கு வேண்டுமென்றால் கழகம் ஊடாக எழுத்தில் அனுமதி எடுத்த பிறகே காசு கட்டுங்கள். உறவினரின் பயணப் பெட்டியில் உதிரிப்பாகம் கொண்டுவரச் சொல்வதும் இதே வகைதான். மாட்டிக்கொள்வது அவர்.

தலையைத் துவக்குக்குக் கொண்டுபோவது

புதியவர்கள் எல்லாரிடமும் இருக்கும் பழக்கம் இது. துவக்கைத் தோளில் வைத்து, சைட்டுக்குள் பார்க்கக் கழுத்தை நீட்டி, தலையைச் சரித்துக் குனிவார்கள். தலை சரிந்தால் உடம்பின் சமநிலை கெடும், கழுத்துத் தசை இறுகும். 60 வெடிகளுக்கு 75 நிமிடம் தரப்படுகிறது. இருபதாவது வெடிக்குள்ளேயே கழுத்து நடுங்கத் தொடங்கிவிடும்.

சரியான ஒழுங்கு இதற்குத் தலைகீழ். முதலில் துவக்கில்லாமல் நில்லுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடது பக்கம் இலக்கை நோக்க வேண்டும், கால்கள் தோளகலத்தில், தலை நிமிர்ந்து. இடது இடுப்பெலும்பை இலக்கின் பக்கம் சற்றுத் தள்ளி, அதன் மேல் இடது முழங்கையை ஊன்றுங்கள். மேலுடம்பு கொஞ்சம் பின்னே சாயும். ஐந்து கிலோ அளவு பாரம் முன்னால் நிற்கப்போகிறது என்பதால் அந்தச் சாய்வு வேண்டும். இப்போது துவக்கை எடுத்து, நிமிர்ந்த தலைக்கு அதைக் கொண்டுவாருங்கள். உயரம் போதவில்லையென்றால் முன்கட்டையின் கீழே கைதாங்கியைக் கூட்டுங்கள், அல்லது பிடங்குத் தட்டைக் கீழிறக்குங்கள். கழுத்தை மட்டும் தொடாதீர்கள்.

கன்னக்கட்டை சரியா என்று பார்க்க எளிய வழியொன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை அதன் பாரத்திலேயே கட்டையில் விட்டுவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். முன் சைட்டின் வளையம் பின் சைட்டின் துளைக்கு நடுவே தெரிய வேண்டும். வளையம் துளையின் கீழ்ப்பக்கம் ஒட்டித் தெரிந்தால் கண் தாழ்வாக இருக்கிறது என்று பொருள், கட்டையை உயர்த்துங்கள். மேற்பக்கம் ஒட்டித் தெரிந்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் கன்னக்கட்டை, பிடங்கு, கைதாங்கி மூன்றையும் மாற்றுவது மகா பிழை. எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பழைய அளவைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கட்டையிலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டாலும் போதும்.

அடுத்தது, கையால் துவக்கை இழுத்து இலக்குக்குக் கொண்டுவருவது. நிலையெடுத்துக் கண்ணை மூடி, இரண்டு மூன்று மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். துவக்கு தானாக எங்கே பார்த்து நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு சொல்லும் இடம். அது இடப்பக்கம் விலகியிருந்தால் வலது பாதத்தைக் குதிப்பக்கமாகப் பின்னே நகர்த்துங்கள், வலப்பக்கம் என்றால் முன்னே. பலர் இங்கே ஒரு சாண் நகர்ந்துவிடுகிறார்கள். பாதங்களுக்கிடையே 40 செ.மீ. இருக்கும்போது ஒரு செ.மீ. நகர்ந்தாலே கணக்குப்படி 10 மீற்றரில் 25 செ.மீ. திரும்பும். ஆகவே மில்லிமீற்றர் கணக்கில், கால்விரலைக் கொஞ்சம் திருப்புகிற அளவுக்கு நகர்த்தினாலே காணும்.

கட்டையைச் செதுக்கும் ஆசை

மரக்கட்டைத் துவக்கை வைத்திருப்பவர்களுக்கு, அதைத் தன் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளும் ஆசை எப்போதாவது வரும். தவறில்லை. ஆனால் அரத்தை எடுக்கும் முன் இரண்டு விடயங்கள்.

ஒன்று, மொறட்டுவப் பக்கம் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள் என்று முழுத் துவக்கையும் பட்டறையில் விட்டுவிட்டு வரக்கூடாது. குழலும் விசைப்பொறியும் கழற்றப்பட்ட வெறுங்கட்டை மட்டுமே வெளியாள் கைக்குப் போகலாம். மற்றது, கழிப்பது எளிது, கூட்டுவது கடினம். கைப்பிடி பெரிதாக இருக்கிறது என்று அராவிவிட்டு, பிறகு சிறிதாகிவிட்டது என்று நிற்பவர்கள் அதிகம். இரு பாகத்தையும் சேர்த்துப் பிசையும் எபொக்சி மரப்பசையை முதலில் கைப்பிடியில் ஒட்டுங்கள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, சுடும்போது பிடிக்கிற மாதிரியே மெதுவாகப் பிடித்து அச்செடுங்கள். இறுக்கிப் பிடித்து எடுத்த அச்சு விரல் வரம்புகளோடு அழகாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் அதே இறுக்கத்தை உங்கள் கையிடம் கேட்கும். இறுகிய உள்ளங்கை விசைவிரலையும் இழுத்துக்கொண்டு போகும்.

மெருகு விடயத்தில் கொழும்பில் அடிக்கடி காண்பது தேங்காய் எண்ணெய். வீட்டில் இருக்கிறது, மரம் உடனே மினுங்குகிறது, பிறகென்ன என்று பூசிவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் உலர்ந்து கெட்டியாகாத எண்ணெய். மரத்துக்குள்ளேயே பிசுபிசுவென்று கிடந்து, தூசியைப் பிடித்து, சில மாதத்தில் சிக்கு மணம் அடிக்கும். பிறகு நல்ல மெருகு எதுவும் அதன் மேல் ஒட்டாது. வேண்டியது ஆளிவிதை எண்ணெய், அதிலும் பெயின்ற் கடைகளில் ‘பொயில்ட் லின்சீட்’ என்று விற்கும், உலர்த்தி சேர்த்த வகை. உலர்த்தி சேர்க்காத பச்சை எண்ணெய் இந்த ஈரக்காற்றில் வாரக்கணக்கில் காயாது.

சாண்ட் பேப்பரை 120, 180, 240, 320 என்ற ஒழுங்கில் மர நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கடைசிக்கு முன் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துக் காயவிட்டால் எழும்பும் நார்களை 320 வெட்டிவிடும். எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசி, 15 முதல் 20 நிமிடத்தில் மேலே நிற்பதை முழுதாகத் துடைத்தெடுங்கள். அடுத்த பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி, மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள். ஐந்தாறு பூச்சு போதும். ‘கனமாகப் பூசினால் சீக்கிரம் முடியும்’ என்பவர்களுக்குக் கிடைப்பது, விரல் வைத்தால் அடையாளம் விழும் பசைத்தோல். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. காயும்போது அந்த எண்ணெய் வெப்பம் விடும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

கட்டையில் பாரம் கூட்டுகிறவர்கள் மொத்தம் 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற போட்டி விதியை மறக்க வேண்டாம். குழல், விசைப்பொறி, காற்று வால்வு ஆகியவற்றில் ‘கொஞ்சம் வேகம் கூட்டுவோம்’ என்று கைவைப்பது சட்டத்துக்கும் பிழை, விளையாட்டுக்கும் பயனில்லை. இலக்கு 10 மீற்றரில்தான் இருக்கிறது.

சைட், விசை, அதன் பின்

முன் சைட் வளையம் சிறிதானால் துல்லியம் கூடும் என்று நினைத்து, கறுப்பு வட்டத்தை இறுகக் கவ்வும் வளையத்தைப் போடுவார்கள். துவக்கின் சிறு அசைவுக்கும் வட்டம் வளையத்தில் முட்டும், மனம் பதறும், விரல் வெட்டி இழுக்கும். 4.0 மி.மீ. அளவில் தொடங்குங்கள். கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியட்டும். மற்றக் கண்ணை மூடுவதும் வேண்டாம். மூடிய கண்ணின் இறுக்கம் திறந்த கண்ணுக்கும் போகும். 30 மி.மீ. அகலத்துக்கு மேற்படாத மங்கலான மறைப்பொன்றை அதற்கு முன்னால் வைத்தால் சரி.

ஒவ்வொரு வெடிக்கும் சைட்டைத் திருகுகிறவர் தன் பிழையைத் தானே துரத்திக்கொண்டிருப்பார். ஐந்து வெடி போட்டு, ஓட்டைக் கூட்டத்தின் நடுவைப் பார்த்து, பிறகு திருகுங்கள்.

குறி பிடித்த பின் ஆறு முதல் எட்டுச் செக்கனுக்குள் வெடி போக வேண்டும். பத்தைத் தாண்டினால் துவக்கை இறக்கிவிடுங்கள். ஒட்சிசன் குறையக் குறையக் கண் பழைய படத்தையே பிடித்துவைத்துக் காட்டும், நீங்கள் நடுவில் நிற்பதாகவே நம்புவீர்கள். இறக்குவதற்கு வெட்கப்படுவது இந்த விளையாட்டில் நிறையப் புள்ளிகளைத் தின்கிறது.

வெடித்ததும் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்ப்பதும் அப்படித்தான். சன்னம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவு வேகத்தில் போகிறது. துவக்குகளில் இதைவிட மெதுவானது அரிது. அது குழலை விட்டு வெளியேறும் முன்னரே உங்கள் கன்னம் எழும்பத் தொடங்கிவிடும். வெடித்த பின்னும் இரண்டு செக்கன் அதே நிலையில், அதே படத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

சன்னமில்லாமல் பழகுவது மிக நல்ல பயிற்சி, ஆனால் உலர்சூட்டு அமைப்பு உள்ள அழுத்தக்காற்றுத் துவக்கில் மட்டும். சுருள்வில் துவக்கை வெறுமையாக வெடிக்கவைத்தால் முன்னே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் சுவரில் மோதும், காற்றுக் கசிவைத் தடுக்கும் வளையமும் வில்லும் போய்விடும். அனுமதியோடு வீட்டில் பழகுகிறவர்கள் இலக்கை அளவுப்படி சுருக்குங்கள். ஐந்து மீற்றருக்குக் கறுப்பு 15.25 மி.மீ., மூன்று மீற்றருக்கு 9.15 மி.மீ. உயரத்தையும் கணக்கிட வேண்டும். போட்டியில் இலக்கின் நடு 1.40 மீற்றரில் இருக்கும். உங்கள் கண் 1.60 மீற்றரில் என்றால், ஐந்து மீற்றர்ச் சுவரில் ஒட்ட வேண்டிய உயரம் 1.50. இதைக் கவனிக்காமல் 1.40இலேயே ஒட்டினால், நாளெல்லாம் பிழையான நிலையைத்தான் பழகுவீர்கள். வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில் நின்று தெருப்பக்கம் பார்த்து இதைச் செய்வதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். உள்ளறை, முழுச்சுவர், சன்னம் வேறு அறையில்.

ஈரம், காற்று, ஈயம்

கொழும்பில் துவக்கைக் கெடுப்பது வெடிகளைவிட ஈரம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்பும் சேரும். குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்து வந்த பெட்டியை உடனே திறந்தால், குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்து முத்தாகப் படியும். அரை மணி நேரம் பெட்டியை மூடியபடியே விட்டுவிட்டுத் திறவுங்கள். சுட்டு முடிந்ததும் வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து, உலோகத்தில் மட்டும் மெல்லிய துவக்கெண்ணெய் பூசுங்கள். மாதக்கணக்கில் பஞ்சு வைத்த பெட்டிக்குள் கிடக்க விடாதீர்கள், பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். சுடும் ஜக்கெற்றை வெயிலில் காயப்போட்டால் துணி விறைத்து வெடிக்கும். நிழலில், காற்றாடிக்குக் கீழே.

காற்றுச் சிலிண்டரை 200 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்பும்போது மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் காற்றுச் சூடேறி மானி 200 காட்டும், ஆறியதும் குறைந்து நிற்கும். சுழியோடிகளின் உலர்ந்த காற்று சரி, ஒட்சிசன் ஒருபோதும் கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரில் பொறித்த திகதியிலிருந்து பத்து வருடம் போனால் அதை ஒதுக்கிவிடுங்கள், மானி என்ன காட்டினாலும் சரி.

சன்னத்தைக் கூட்டுப்பெட்டியில் கொட்டிக் குலுக்கி எடுப்பது, நிரப்ப வசதியென்று உதட்டில் கவ்வுவது இரண்டும் நிற்பாட்ட வேண்டியவை. முதலாவதில் மெல்லிய விளிம்பு நெளியும், வட்டமாக வெட்ட வேண்டிய சன்னம் கோணலாகப் போகும். இரண்டாவதில் ஈயம் வயிற்றுக்குள் போகும். சுட்டு முடிந்து சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடக்கூடாது. சுடும் கோட்டில் துவக்கை வைத்துவிட்டு விலகும் முன் சன்னம் நிரப்பும் வாயைத் திறந்து, செம்மஞ்சள் பாதுகாப்புக் கொடியைச் செருகி, குழல்வாய் இலக்குப் பக்கமே பார்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.