படையெடுப்பின் மனித இழப்பைப் பேசும் நூலைக் கூடிப் படிக்கும் முறை

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்ட கூடலூர், பந்தலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் வாசகர் வட்டம் நடத்துவோர், மலேயா மீதான ஜப்பானியப் படையெடுப்பைப் பற்றிய வரலாற்று நூலொன்றை அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரட்டு (காலை ஆள்கணக்கு), கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்ற சொற்களுக்கு இத்தோட்டத்தாரிடம் விளக்கம் தேவையில்லை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பெரும்பாலோர் அதே சொற்களோடு ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களே.

முதல் கூட்டத்திற்கு முன் ஒரே தாளில் காலவரிசையை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்: 1941 டிசம்பர் 8 அன்று மலேயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் தரையிறக்கம், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் வீழ்ச்சி, அதே ஆண்டு மார்ச் 8 அன்று இரங்கூனின் வீழ்ச்சி, 1943 அக்டோபரில் ரயில்பாதை நிறைவு, 1945 ஆகஸ்டில் ஜப்பானின் சரணடைவு. போர்க்கள அத்தியாயங்களை விரைவாகக் கடந்துவிடலாம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சண்டை நடந்தது சுமார் பத்து வாரங்கள்தான்; ஆக்கிரமிப்போ மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. தோட்டத் தமிழரின் பேரிழப்பு அந்த மூன்றரை ஆண்டுகளுக்குள் இருப்பதால், நேரத்தையும் அங்கேயே செலவிட வேண்டும்.

எண்கள் வரும் பக்கங்களில் மெதுவாகப் படியுங்கள். ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் பென்சிலால் 'எண்ணியவர் யார்?' என்று எழுதிப் பழகுவது நல்லது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், அவர்களுடைய அதிகாரிகள் முகாமிலேயே பட்டியலை மறைத்து வைத்துக் காத்ததும், போருக்குப் பின் கல்லறைகள் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதும்தான். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இன்றும் அவர்களுடைய கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயருடன் இருக்கின்றன. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் அடங்கிய ஆசியத் தொழிலாளர்களின் மொத்த எண்ணிக்கையே நூலுக்கு நூல் மாறுகிறது. இறந்தோர் சுமார் 90,000 என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. நாள்தோறும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் வருகை பதித்து, அதன்படியே கூலி வாங்கிய ஒரு சமூகம், இறந்தபோது பெயரில்லாத தோராயக் கணக்காக எஞ்சியதை வாசகர்கள் உணர வேண்டும். மதிப்பீடுகள் வேறுபடுவதைக் காட்டி 'எல்லாமே மிகைப்படுத்தல்' என்று யாராவது சொன்னால், பதிவு இல்லாமற்போனதே அந்த இழப்பின் ஒரு பகுதி என்று நிதானமாக எடுத்துச்சொல்லுங்கள்.

அடுத்து, எப்படி இறந்தார்கள் என்று கேளுங்கள். கூடலூரின் ஆடி மழையை அறிந்தவர்களுக்கு 1943ஆம் ஆண்டின் மழைக்கால அத்தியாயம் எளிதில் விளங்கும்: ஒழுகும் கீற்றுக் கொட்டகை, சேற்றில் நின்றபடி மண்வெட்டும் வேலை, குறைந்த அரிசி, மலேரியா, சீதபேதி, பின்னர் காலரா. போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்களும், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் செய்யும் கட்டுப்பாடும் இருந்தன. குடும்பத்தோடும் தனித்தனியாகவும் வந்து சேர்ந்த தொழிலாளர்களுக்கு இரண்டும் அநேகமாக இல்லை. மருந்து, சுத்தமான தண்ணீர், கழிப்பிடம் பற்றிய பத்திகளை வேலைக் கொடுமையை விவரிக்கும் பத்திகளைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சாவின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ரயில்பாதைக்கு வெளியே நிகழ்ந்த இழப்பையும் நூல் பேசுகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி தீர்ந்து, மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலந்தள்ளிய பெண்களும் குழந்தைகளும் தோட்டங்களிலேயே இருந்தார்கள். பர்மாவிலிருந்து அரிசி வரவு நின்றதும் 1943 வங்காளப் பஞ்சத்தின் காரணங்களில் ஒன்று.

இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய பக்கங்களில் விவாதம் சூடாகும். நாட்டுப்பற்றினால் சேர்ந்தவர்களும், சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சிச் சேர்ந்தவர்களும் உண்டு. முதலாமவரைப் போற்றுவதற்காக இரண்டாமவரை மறைக்கத் தேவையில்லை.

கடைசிக் கூட்டத்தில் மலேயா, பர்மா உறவுள்ள முதியவர்களை அழைக்கலாம். முன்னதாக வீட்டுக்குப் போய், பேச விருப்பமா என்று தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் மறுக்க முடியாமல் தவிப்பார்கள். அவர்கள் சொல்வதில் போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு, சொன்னவருக்கு அவர் என்ன முறை என்ற நான்கையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். 'தாத்தா சொன்னது' என்றால் அப்படியே எழுதுங்கள். நேரில் கண்டதாக மாற்றிவிடாதீர்கள். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டித் திருத்தம் பெற்று, ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.