பழைய இத்தாலியப் புத்தகத்துக்குப் பட்டியல் போடுவது எப்படி? (எச்சரிக்கை: ‘சுப்பீரியோரி’ என்று ஒரு பதிப்பகம் கிடையாது)

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் காலமான பிறகு, அவருடைய பிள்ளைகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளை எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார்கள். மேலே தமிழும் ஆங்கிலமும். அடியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, 41 இத்தாலியப் புத்தகங்கள். பழசு 1500களின் கடைசி, புதுசு 1930கள். எனக்கு இத்தாலிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. நூலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. “நீதானேம்மா கேட்டலாகிங்?” என்று பெட்டி என் மேசைக்கு வந்துவிட்டது.

ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் நான் செய்த தப்பை நானே திருத்தியது. உங்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளில் புதுப் பதிவு திறப்பது, ஒவ்வொரு விவரத்தையும் எண்ணிட்ட புலத்தில் எழுதும் மார்க் 21 முறை என்பதற்குள் போகவில்லை (கீழே 245, 500 என்று வருவதெல்லாம் அந்தப் புல எண்கள்). அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: கையைக் கழுவுங்கள், ஃபேனை நிறுத்துங்கள்

கையுறை வேண்டாம். துணிக் கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிந்த பிறகுதான் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த கை போதும். காலையில் விபூதி பூசிய விரல், டிபனுக்குப் பிறகு எண்ணெய் பட்ட விரல் இரண்டும் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களில் பாதிக்குத் தோல் அட்டை. அதுவும் கன்றுத் தோலைப் பதப்படுத்திய வெள்ளை அட்டை என்றால் ஈரக்காற்றில் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். அதற்குப் பெயர் வெல்லம். நான் போனில் யாரிடமோ “வெல்லம் அட்டை” என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் அட்டெண்டர் அண்ணன், “எறும்பு வராதாம்மா?” என்றார். எறும்பு வரவில்லை. இராமபாணப் பூச்சி ஏற்கெனவே வந்து போயிருந்தது.

படி 2: மூன்று படம் எடுங்கள்

தலைப்புப் பக்கம், கடைசி அச்சுப் பக்கம், அட்டையின் உட்புறம். ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காதீர்கள், முதுகு பிளந்துவிடும். போன் கேமராவே போதும். படத்தை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தால் புத்தகத்தைப் பத்து தடவை திறக்க வேண்டியதில்லை.

படத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் கொடுத்துப் பார்க்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. பழைய அச்சில் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ‘எஃப்’ போலவே இருக்கும். செயலி ‘சாந்தோ’வை (புனிதர்) ‘ஃபாந்தோ’ என்று படித்துவிட்டு, கற்பனையில் எதையாவது சொல்லும். குறுக்குக் கோடு முழுசாக இருபுறமும் போனால் எஃப். இடப்பக்கம் மட்டும் சிறு நுனி நீட்டிக்கொண்டிருந்தாலோ கோடே இல்லாவிட்டாலோ எஸ்.

படி 3: தலைப்பு

தாளில் உள்ளபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். இங்கே வரும் பெரிய தலைவலி ‘யு’வும் ‘வி’யும். அந்தக் காலத்து அச்சகத்தாருக்கு இரண்டும் ஒரே எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் ‘வி’ வடிவம், நடுவில் ‘யு’ வடிவம். ‘நுவோவா’ (புதிய) என்ற சொல் என், யு, ஓ, யு, ஏ என்று அச்சாகியிருக்கும். ‘ஊத்திலே’ (பயனுள்ள) என்ற சொல் ‘வி’யில் தொடங்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அந்த எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்க்க எழுத்தில் மாற்றம் செய்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவரே ஓர் இத்தாலியர்தான். 1680இல் காஸ்திலியோனேயில் பிறந்தவர், கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர். அவர் நம் எழுத்தைச் சரிசெய்தார், நாம் அவர் ஊர் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறோம்.

245ஆம் புலத்தில் உள்ளபடி எழுதிவிட்டு, 246இல் இன்றைய எழுத்துக்கூட்டலில் இன்னொரு தடவை எழுதுங்கள். தேடுகிறவர் இன்றைய எழுத்தில்தான் தேடுவார்.

அப்புறம், 245இன் இரண்டாவது இண்டிகேட்டர்: அகரவரிசைப்படுத்தும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை இடத்தைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் எண். இதைப் பலரும் சுழியமாகவே விட்டுவிடுகிறார்கள். ஆங்கில ‘தி’ போன்ற ‘இல்’, ‘லா’, ‘லோ’, ‘லே’ என்று தொடங்கினால் 3 (இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி). ஜி, எல், ஐ மூன்றும் சேர்ந்த ‘ல்யி’க்கு 4. எல்லுக்குப் பக்கத்தில் மேற்குறி வந்து அடுத்த சொல்லோடு ஒட்டியிருந்தால் 2. இதைச் செய்யாவிட்டால் பாதிப் புத்தகங்கள் அகரவரிசையில் ‘எல்’லிலேயே போய்க் குவியும்.

படி 4: வெளியீட்டு விவரம் (நான் கவிழ்ந்த இடம்)

தலைப்புப் பக்கத்தின் அடியில் பொதுவாக இந்த வரிசை இருக்கும்: ஊர், அச்சிட்டவர், ஆண்டு, அதற்குக் கீழே ஒரு வரி. அந்தக் கடைசி வரி பல புத்தகங்களில் ‘கோன் லிச்சென்த்சா தே சுப்பீரியோரி’ என்று இருந்தது. பெரிய எழுத்து, தனி வரி, பக்கத்தின் கடைசி இடம். நம் ஊர்ப் புத்தகத்தில் அந்த இடத்தில் பதிப்பகத்தின் பெயர்தானே இருக்கும்? நானும் பதிப்பாளர் ‘சுப்பீரியோரி’ என்று போட்டுக்கொண்டே போனேன்.

பதினொன்றாவது புத்தகத்துக்குச் சீட்டு வைக்கும்போது அட்டெண்டர் அண்ணன் கேட்டார்: “ஏம்மா, வெனிஸ், ரோம், நேப்பிள்ஸ் எல்லா ஊர்லயும் இந்த ஒரே ஆளா கடை வெச்சிருந்தான்? நூறு வருஷமா?”

எனக்குச் சுருக்கென்றது. அகராதியைத் திறந்து பார்த்தேன். ‘மேலிடத்தாரின் அனுமதியுடன்’ என்று பொருள். திருச்சபை அதிகாரிகள் படித்துப் பார்த்து, அச்சிடலாம் என்று கொடுத்த ஒப்புதல். பக்கத்தில் ‘பிரிவிலேஜோ’ என்று இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் அச்சடிக்கக் கூடாது என்ற தனியுரிமை. இரண்டும் பதிப்பாளர் இல்லை. வேண்டுமானால் 500இல் குறிப்பாகப் போடலாம்.

உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க இந்தச் சொற்களைத் தேடுங்கள். ‘அப்ரெஸ்ஸோ’, ‘ப்ரெஸ்ஸோ’, ‘பெர்’, ‘நெல்லா ஸ்தம்பெரியா தி’ என்று வந்தால் பின்னால் வருவது அச்சகத்தார் பெயர். ‘ஆத் இஸ்தான்சா தி’, ‘ஆ ஸ்பெஸே தி’ என்றால் பணம் போட்டவர், அதாவது நாம் பதிப்பாளர் என்று சொல்கிற ஆள். ‘எரேதி’ என்றால் வாரிசுகள். அதைப் பெயர் என்று நினைத்து ‘திரு. எரேதி’ ஆக்கிவிடாதீர்கள். பெயரே இல்லாவிட்டால் முத்திரைப் படத்தைப் பாருங்கள். நங்கூரத்தில் சுற்றிய டால்பின் என்றால் வெனிஸின் ஆல்தோ மனூத்சியோ குடும்பம். தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை என்றால் ஜொலித்தோ. ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆல்தோவின் புத்தகங்களுக்கு அன்றே பிரான்சின் லியோனில் போலி அச்சு வந்திருக்கிறது.

ஊர்ப் பெயரிலும் உள்ளதை உள்ளபடிதான் எழுத வேண்டும், ‘இன்’ என்ற முன்சொல்லோடு சேர்த்து. ‘இன் வெனெத்சியா’ என்றிருந்தால் அப்படியே எழுதி, சதுர அடைப்புக்குள் இன்றைய பெயர். லத்தீனில் இருந்தால் கொஞ்சம் உஷார்: ‘பதாவியி’ என்பது பதுவா, ‘போனோனியே’ என்பது போலோன்யா. ‘லுக்துனி’ இத்தாலியே இல்லை, அதுதான் லியோன். அதன் பின்னால் ‘பத்தாவோரும்’ ஒட்டியிருந்தால் ஹாலந்தின் லைடன்! திருமறைக்காடு என்று அச்சான புத்தகத்தில் அதை அடித்துவிட்டு வேதாரண்யம் என்று எழுத மாட்டோம் அல்லவா? பக்கத்தில் குறிப்போம். அதே கதைதான்.

படி 5: ஆண்டு

ரோமன் எண் தெரிந்தால் பாதி முடிந்தது. எம், டி, சி, எல், மூன்று எக்ஸ், வி, ஐ என்றால் 1686. சில அச்சகத்தார் ‘எம்’முக்குப் பதில் சி, ஐ, திருப்பிப் போட்ட சி என்று மூன்றாக உடைத்திருப்பார்கள், அது 1000. ‘டி’க்குப் பதில் ஐ, திருப்பிய சி என்றால் 500.

வெனிஸ் புத்தகத்தில் இன்னொரு கண்ணி. 1797இல் குடியரசு விழும்வரை அங்கே ஆண்டு மார்ச் 1இல்தான் பிறக்கும். ஃப்ளாரன்சில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மார்ச் 25. நமக்குத் தை பிறந்தாலும் சித்திரை வரை பழைய வருஷம்தானே, அதுபோல. காணிக்கையுரையின் கீழே ‘பிப்ரவரி 1601’ என்று இருந்து, உள்ளூர்க் கணக்கில் எழுதியதென்று தெரிந்தால், நம் கணக்கில் அது 1602. அதை அடைப்புக்குள் போடுங்கள்.

படி 6: தாள் எண்ணுவது

பக்க எண்ணை நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் அது தாறுமாறாக அச்சாகும். பக்கத்தின் அடியில் சின்னதாக ஏ, ஏ2, ஏ3 என்று வரும் மடிப்புக் குறிகளை (மடித்துத் தைத்த ஒவ்வொரு தாள்கட்டுக்கும் ஓர் எழுத்து) எண்ணுங்கள். நான் இதிலும் விழுந்தேன். ஒரு புத்தகத்தில் ஜே, யு, டபிள்யூ மடிப்புகளைக் காணவில்லை என்று ‘குறைநூல்’ என எழுதி வைத்தேன். அச்சகத்தாரின் அகரவரிசைக்கு 23 எழுத்துதான், அந்த மூன்றும் அதில் கிடையாது. ஏ முதல் இஸட் வரை எட்டெட்டுத் தாள் என்றால் 184 தாள். புத்தகம் முழுசாகத்தான் இருந்தது, கணக்குத்தான் குறை.

கடைசிப் பக்கத்தில் ‘ரெஜிஸ்த்ரோ’ என்று ஒரு பட்டியல் இருந்தால் கும்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த மடிப்பு, எத்தனை தாள் என்று அச்சகத்தாரே பைண்டருக்குச் சொன்ன கணக்கு அது. ‘துத்தி சோனோ குவாதெர்னி’ என்றால் எல்லாம் எட்டுத் தாள் மடிப்பு.

அளவுக்கு ஸ்கேலை எடுக்கும் முன், ஒரு தாளை டார்ச் வெளிச்சத்தில் பிடியுங்கள். அகல இடைவெளியில் ஓடும் சங்கிலிக் கோடுகள் தெரியும். குவார்ட்டோ (முழுத் தாளை நான்காக மடித்தது) என்றால் கிடையாக, ஆக்டாவோ (எட்டாக மடித்தது) என்றால் நெடுக்காக.

படி 7: ஒப்பிட்டுப் பார்ப்பது

1501 முதல் 1600 வரையிலான புத்தகம் என்றால் எடிட் 16 தளம். பிந்தையது என்றால் இத்தாலிய நூலகங்களின் கூட்டுப் பட்டியலான ஓபேக் எஸ்பிஎன். இரண்டும் இலவசம். அங்கே ‘இம்ப்ரொந்தா’ என்று 16 எழுத்துக் கோவை இருக்கும், குறிப்பிட்ட பக்கங்களின் கடைசி வரிகளிலிருந்து பொறுக்கிய எழுத்துகள். உங்கள் பிரதியிலும் அதே எழுத்துகள் வந்தால் அதே அச்சாக இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். அதை 026இல் போடுங்கள். அங்கிருக்கும் பதிவை அப்படியே இறக்கி ஒட்டிவிடாதீர்கள், உங்கள் பிரதி வேறாக இருக்கலாம்.

ஆசிரியர் பெயரில் ஒன்றே ஒன்று. பழைய பெயர்களில் ‘தே’ பெரும்பாலும் பின்னால் போகும்: நோபிலி, ராபர்ட்டோ தே. தத்துவ போதகர் என்ற அவருடைய தமிழ்ப் பெயரில் தேடுகிறவருக்கும் அவர் கிடைக்கும்படி இணைப்புக் கொடுங்கள். நவீன ஆசிரியர் என்றால் முன்னொட்டோடுதான்: கவிஞர் தான்னுன்சியோ ‘டி’யில் வருவார்.

படி 8: உங்கள் பிரதியின் கதை

முத்திரை குத்தாதீர்கள். வேறொரு நூலகத்தில் 17ஆம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கத்தின் நட்டநடுவில் ஊதா மையில் வட்ட முத்திரையைப் பார்த்திருக்கிறேன், மை பின் தாள்வரை இறங்கியிருந்தது. எண்ணை 2பி பென்சிலில், அட்டையின் உட்புற மூலையில் எழுதினால் போதும். பார்கோடு புத்தகத்தில் வேண்டாம், அமிலமில்லாத தாளில் ஒட்டி உள்ளே செருகுங்கள்.

கையெழுத்து, பழைய உடைமையாளர் பெயர், உள்ளே கிடந்த துண்டுச் சீட்டு எல்லாம் 561இல். எங்கள் பிரதி ஒன்றில் 96, 97ஆம் பக்கங்களுக்கு நடுவே நெல் அரவை மில் ரசீது இருந்தது, இரண்டு மூட்டைக்கு. பேராசிரியர் அங்கே படிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். தூக்கி எறியாமல் தனி உறையில் வைத்து, பக்க எண்ணோடு குறித்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு நூலகர் எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது ஒரு தொகுப்பின் 12ஆம் தொகுதி மட்டும், மீதி 11 எங்கே கிடைக்கும் என்று. தலைப்புப் பக்கப் படத்தை அனுப்பச் சொன்னேன். ‘1934’, ஒரு சிறு கோடு, ரோமன் எண்ணில் 12. மேடம், அது தொகுதி எண் இல்லை. முசோலினி ஆட்சியில் 1922 அக்டோபர் கடைசியிலிருந்து தனி ஆண்டுக் கணக்கு வைத்திருந்தார்கள், அதன் பன்னிரண்டாம் ஆண்டு அது. 1922ஓடு அந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள். 1934 வந்தால் அக்டோபருக்குள் அச்சானது. தாளில் 1933 என்று இருந்து எண் 12 என்றால், அந்த 1933இன் கடைசி இரண்டு மாதத்தில் அச்சானது. மீதிப் பதினொன்றைத் தேட வேண்டாம்.