புரொஸ்டேட்டும் ஆண் ஹோர்மோனும்: எங்கே பிழை விடுகிறோம்?

ஐம்பது தாண்டிய ஆள் இரவில் நாலு தடவை எழும்பி, லயத்துக்கு வெளியே பனியில் நடந்து சிறுநீர் கழிக்கப் போகிறார் என்றால் தோட்டத்தில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று குளிர். மற்றது, 'ஆண் ஹோர்மோன் கூடிப்போச்சு.'

புரொஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி; அது பெருத்தால் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் இல்லாமல் இந்தச் சுரப்பி வளராது, உண்மைதான். ஆனால் அது கூடக்கூட நோயும் கூடும் என்று கணக்குப் போடுவது பிழை. சுரப்பியில் ஹோர்மோன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள், ஹோர்மோன் கொஞ்சமாக இருக்கும்போதே நிரம்பிவிடுகின்றன. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றி என்ன? 18 ஆய்வுகளைச் சேர்த்து 2008இல் வெளியான அலசலிலும் இரத்த டெஸ்டோஸ்டெரோன் அளவுக்கும் புரொஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. 'எனக்குக் குறைவு, பயமில்லை' என்பதும் அதே பிழைதான். வயது ஏற ஹோர்மோன் குறைகிறது; சுரப்பி பெருப்பதும் அந்த வயதில்தான்.

அளவு பார்ப்பதென்றால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில். பஸ் பிடித்து டவுனுக்கு இறங்கி, ரொட்டியும் பிளேன்டீயும் முடித்து, மதியம் இரத்தம் கொடுத்தால் குறைவாகக் காட்டக்கூடும். அதை நம்பி, பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்; இரத்தத்தில் அளப்பார்கள்) பார்க்காமலே ஹோர்மோனைக் கூட்டும் ஊசி தொடங்குவது வீண் வம்பு.

அதிகம் ஏமாற்றுவது, பெருத்த புரொஸ்டேட்டைச் சுருக்கக் கொடுக்கும் பினாஸ்டரைட். 5 மி.கி. மாத்திரையை 6 முதல் 12 மாதம் எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போட்டில் 3 என்றால் 6 என்று வாசிக்க வேண்டும். முடி கொட்டாமலிருக்க எடுக்கும் 1 மி.கி. மாத்திரையும் இதையே செய்யும். அதை மருந்தென்று எண்ணி டொக்டரிடம் சொல்பவர்தான் அபூர்வம்.

குளிர்க் கதையிலும் ஓர் உண்மை உண்டு. தடிமனுக்கு பாமசியில் சும்மா வாங்கும் பிரிட்டன் (Piriton) போன்ற மாத்திரை சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும்; மூக்கடைப்பு மாத்திரைகள் சில அதன் வாயை இறுக்கும். சுரப்பி பெருத்தவருக்கு இரண்டும் ஆகாது. சிறுநீர் முற்றாக அடைத்தால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரியில் குழாய் போட்டாக வேண்டும்.

புற்றுநோய்க்கு ஹோர்மோனை அடக்கும் கோசெரலின் 3.6 மி.கி. ஊசி 28 நாளுக்கு ஒன்று. ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும் என்று தவணையைத் தவறவிட்டால் டெஸ்டோஸ்டெரோன் மறுபடி ஏறும்; குடத்தை ஊசியால் காலியாக்கி வைத்திருக்கும் இந்த நோயாளிக்கு அந்த ஏற்றம் நிச்சயம் கெடுதல். மாதாமாதம் போக முடியாதவர், 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் 10.8 மி.கி. ஊசி கிடைக்குமா என்று கிளினிக்கில் கேட்கலாம்.