வாழைத்தோல் தூளால் கழுவு தண்ணீரிலுள்ள ஈயத்தைப் பிடிப்பது எப்படி

வலைக்கு ஈயக்குண்டு உருக்கி வார்ப்பவர்களும் பழைய பற்றரி திறந்து வேலை செய்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள். கையும் சாமானும் கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றாதீர்கள். திருகோணமலைக் கரையோரம் மணல் நிலம், அது எதையும் பெரிதாகத் தடுத்து வைக்காது, கிணறும் பக்கத்திலேயே இருக்கும். ஈயம் கரைந்த தண்ணீரை நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது, கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

கதலியோ கோழிக்கூடோ, எந்தத் தோலும் சரி. சின்னதாக நறுக்கிக் கழுவி முறுகக் காயவிடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் இது சுலபம், மார்கழி மழையில் பூஞ்சணம்தான் பிடிக்கும். நொறுங்கும் பதம் வந்ததும் அரைத்து, அரிதட்டில் அரித்து, சாயம் இறங்குவது நிற்கும் வரை தூளை அலசி மறுபடி காயவிட வேண்டும். அலசாமல் போட்டால் தோலின் சீனியெல்லாம் தண்ணீரில் இறங்கி நாற்றமெடுக்கும்.

தோலில் இருக்கும் பெக்டின் (பழங்களிலுள்ள பசைத்தன்மையான பொருள்) போன்றவைதான் ஈயத்தைப் பிடிக்கின்றன. 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் பரானா ஆற்று நீரில் இருந்த செம்பையும் ஈயத்தையும் இதே தோலால் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் புளிப்பு கூடிய தண்ணீரில் இது வேலை செய்யாது, தூளில் ஈயம் ஒட்டும் இடங்களை அமிலம் முதலே பிடித்துவிடும். அதனால் பற்றரி அமிலம் கலந்த கழுவு தண்ணீர் என்றால் கையுறை போட்டு, அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து (நன்றாக நுரைக்கும்), பீ.எச். தாளில் (புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் தாள்) 5 அல்லது 6 வரும்வரை கொண்டுவாருங்கள்.

சரி, லீற்றருக்கு 5 முதல் 10 கிராம் தூள் போட்டு, இரண்டு மணித்தியாலம் அடிக்கடி கலக்கி, அடைய விட்டு, தடித்த பருத்தித் துணியில் வடியுங்கள். உவர்ப்பும் சுண்ணாம்பும் கூடிய கிணற்று நீரால் கழுவியிருந்தால் பிடிப்புக் குறையும், புதுத் தூள் போட்டு இன்னொரு முறை செய்யுங்கள். ஆர்செனிக்குக்கு இது சரிவராது.

வடித்ததைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், அதை ஆய்வுகூடத்தில்தான் அளக்க முடியும்.

பாவித்த தூள் இப்போது நஞ்சு. பசளைக்குழியில் போடாதீர்கள், எரிக்காதீர்கள், வெளியிலும் கொட்டாதீர்கள், ஊருக்குள் திரியும் மான்களும் ஆடுகளும் அதில் வாய் வைத்துவிடும். காயவிட்டு, மூடியுள்ள தகர டின்னில் அடைத்து, மேலே 'ஈயம்' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.