யூரோப்பா யுனிவர்சலிஸ் 4: 200 புள்ளிக்குள் தென்காசிப் பாண்டியரைக் கட்டுவது எப்படி?

யூரோப்பா யுனிவர்சலிஸ் 4 என்ற வரலாற்றுக் கணினி விளையாட்டில் மூன்று முறை நாடு கட்டினேன். முதல் நாட்டை இரண்டே ஆண்டில் விஜயநகரம் விழுங்கியது. இரண்டாவது நாட்டில் பாண்டியர் குலமே அற்றுப்போனது. மூன்றாவது, புள்ளிக் கணக்கோடு போராடியதிலேயே முகமிழந்துபோனது; தொடங்கவே இல்லை. நான்காவது முறைதான் ஒழுங்காக நின்றது. அந்த நான்காவது முறையின் குறிப்புகள் இவை.

விளையாட்டை எப்படி நிறுவுவது, படையை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் இங்கே இல்லை. இரண்டு மூன்று நாடுகளை வைத்து ஓரளவு ஆடிப் பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த நாட்டை உருவாக்கும் வசதி 2015-இல் வந்த ‘எல் டொராடோ’ விரிவாக்கத் தொகுப்போடு வந்தது. அது உங்களிடம் இல்லையென்றால் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முழு விலை கொடுத்தும் வாங்க வேண்டாம்; ஸ்டீம் இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

பலர் எக்செல் அட்டவணை போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அட்டவணையைத் திறந்தால் எந்த எண்ணை எப்படிக் கூட்டலாம் என்றுதான் புத்தி போகிறது. நாட்டுக்கு முகம் வருவதில்லை. ஒரு பக்கம் காகிதமும் பென்சிலும் போதும். இந்த நாடு யார், எங்கே இருக்கிறது, எதைத் தின்று வாழ்கிறது, யாருக்குப் பயப்படுகிறது. இந்த நான்கையும் எழுதிவிட்டுக் கணினியைத் திறங்கள்.

நான் தென்காசிப் பாண்டியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேதிதான். ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் தொடங்குகிறது. அந்த நேரத்தில் தென்காசியில் பராக்கிரம பாண்டியர் ஆண்டுகொண்டிருந்தார்; அவர் காலம் 1422 முதல் 1463 வரை. மதுரை முதலில் சுல்தான்கள் கைக்கும், பிறகு 1370-களில் குமார கம்பணன் படையெடுப்போடு விஜயநகரத்தின் கைக்கும் போனது. தெற்கே ஒதுங்கிய பாண்டியர் கிளை தாமிரபரணி, சிற்றாற்றுப் பக்கம் தங்கிவிட்டது. ஆக, யார் என்ற கேள்விக்கும் எங்கே என்ற கேள்விக்கும் வரலாறே விடை சொல்லிவிட்டது. யாருக்குப் பயம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

(தென்காசி விசுவநாதர் கோவிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர்தான். இந்தக் கோவிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது கேடு வந்தால் அதைச் சரிசெய்பவர் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்தார். 1924-இல் கோபுரம் தீக்கு இரையானது. 1990-இல்தான் இன்றைய ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்தது. இப்படிப்பட்ட மனிதரை வைத்து ஆடும்போது பொம்மை ராஜா என்ற நினைப்பே வருவதில்லை.)

மாகாணங்கள்

நாடு தேர்ந்தெடுக்கும் திரையில் சொந்த நாட்டை உருவாக்கும் பொத்தான் இருக்கும். அழுத்தினால் வரைபடத்தில் எந்த மாகாணத்தையும் சொடுக்கி எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான வரம்பு 200 புள்ளி. மாகாணத்தின் வளர்ச்சி கூடக் கூட அதன் விலையும் கூடும்.

வளமான மாகாணத்தை எடுக்கக் கை அரிக்கும். எடுக்காதீர்கள். ஆட்டத்துக்குள் போனபிறகு போர் செய்தும் நிலம் பிடிக்கலாம், புள்ளி போட்டும் வளர்ச்சியைக் கூட்டலாம். ஆனால் நாட்டின் ஐடியாக்களை, அதாவது படை, வணிகம் போன்றவற்றில் நாட்டுக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் சலுகைகளை, அதன்பின் உங்கள் விருப்பப்படி எழுத முடியாது. அதனால் நிலத்துக்குக் குறைவாகவும் ஐடியாவுக்கு நிறையவும் ஒதுக்குங்கள். நான் திருநெல்வேலிச் சீமையை மட்டும் தொடர்ச்சியாக எடுத்தேன். ஒரு மாகாணமாவது கடலைத் தொட்டிருக்க வேண்டும். இங்கே வணிகம் ‘கொமோரின் முனை’ என்று ஆட்டம் பெயர் வைத்திருக்கும் வணிக முனையத்தோடு சேரும். கடற்கரை இல்லாத பாண்டியன் என்ன பாண்டியன்? கொற்கை முத்தும் காயல் துறைமுகத்தில் இறங்கிய அரபுக் குதிரைகளும்தானே அந்தக் குலத்தின் பணப்பெட்டி!

மதுரையையும் எடுக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டார். எடுக்கலாம், புள்ளி இடம் கொடுக்கும். ஆனால் மதுரையைத் திரும்பப் பிடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் ஐம்பது ஆண்டு வேலை. தொடக்கத்திலேயே கையில் இருந்தால் பிறகு என்ன செய்வது?

பெயர், நிறம், கொடி

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயர்ப் பெட்டியில் தமிழில் தட்டச்சு செய்து நான் அரைமணி நேரம் வீணாக்கினேன். ஆட்டத்தின் எழுத்துருவில் தமிழ் கிடையாது; விசைப்பலகை மென்பொருளில் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். அண்டை நாடுகளின் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தை எடுத்தால் போர் நடக்கும்போது எல்லை எங்கே என்று தெரியாமல் தவிப்பீர்கள். கொடிக்கு உள்ளே இருக்கும் சின்னங்களில்தான் பொறுக்க முடியும். நீங்கள் வரைந்த இணைக்கயலை இந்தத் திரையில் ஏற்ற வழியில்லை. பண்பாடு தமிழ், சமயம் இந்து, அரசு முடியாட்சி. இதில் புதுமை செய்ய வேண்டாம்.

தொழில்நுட்பக் குழு என்று ஒரு தேர்வு வரும். இந்தியக் குழுவையே வைத்துக்கொள்ளுங்கள். மேற்கத்தியக் குழுவை எடுக்காவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்று பழைய வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். 2016-இல் வந்த 1.18 பதிப்புக்கு முன் அது உண்மை. அதற்குப் பிறகு தொழில்நுட்பச் செலவை நிர்ணயிப்பது மறுமலர்ச்சி போன்ற, ஆட்டம் ‘நிறுவனங்கள்’ என்று அழைக்கும் வரலாற்று மாற்றங்களின் பரவல்தான். குழு முக்கியமாகப் படைவீரர் வகையைத் தீர்மானிக்கிறது, அவ்வளவே.

அரசரும் வாரிசும்

அரசருக்கு நிர்வாகம், ராஜதந்திரம், போர் என்று மூன்று திறன்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை. ஒவ்வொரு துறையிலும் மாதம் 3 புள்ளி அடிப்படையாகக் கிடைக்கும் (நாடு கட்டும் 200 புள்ளி வேறு; இது ஆட்டத்துக்குள் செலவழிப்பது). அதோடு அரசரின் திறன் கூடும். நிர்வாகத் திறன் 2 என்றால் மாதம் 5, ஆண்டுக்கு 60. திறன் 4 என்றால் மாதம் 7, ஆண்டுக்கு 84. ஆண்டுக்கு 24 புள்ளி வித்தியாசம். நல்ல லாபம்தான். ஆனால் அரசர் இருபது ஆண்டில் செத்துப்போவார். ஐடியாக்கள் ஆட்டம் முடியும் 1821 வரை இருக்கும். என் அரசருக்கு நிர்வாகம் 4, மற்ற இரண்டும் அதற்குக் கீழே. கோவில் கட்டியவருக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது.

என் இரண்டாவது நாடு இங்கேதான் அழிந்தது. 1422-இல் அரியணை ஏறியவர் ஆயிற்றே, நாற்பத்தைந்து வயது என்று வைத்தேன். வாரிசுப் பகுதியைக் காலியாக விட்டு அந்தப் புள்ளியை மிச்சம் பிடித்தேன். ஆட்டம் தானாக ஒரு வாரிசைத் தரும் என்று நம்பிக்கை. தரலாம், தராமலும் போகலாம். எனக்குத் தரவில்லை. 1451-இல் அரசர் இறந்தார்; அடுத்த நொடி அரியணையில் முன்பின் கேள்விப்படாத ஒரு குலப்பெயர். பாண்டிய நாடு இருக்கிறது, பாண்டியர் இல்லை! அன்று இரவு கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆகவே வாரிசை வையுங்கள். குழந்தையாக வைக்காதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இருக்கும்போது அரசர் இறந்தால் பதிலாட்சிக் குழு வந்துவிடும். அது இருக்கும்வரை நீங்களாகப் போர் அறிவிக்க முடியாது. பத்து பன்னிரண்டு வயது போதும்; சில ஆண்டில் பதினைந்தைத் தொட்டுவிடும். வயதை மாற்றும்போதெல்லாம் மொத்தப் புள்ளியில் ஒரு கண் இருக்கட்டும்.

ஐடியாக்கள்: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

மொத்தம் பத்து இடங்கள். முதல் இரண்டு மரபுகள். ஆட்டம் தொடங்கிய அன்றே வேலை செய்யும். அடுத்த ஏழு, ஆட்டத்தில் நீங்கள் வாங்கும் ஐடியாக் குழுக்களில் மூன்று வாங்கினால் ஒன்று என்ற கணக்கில் திறக்கும். கடைசி ஒன்று இலட்சியம். ஏழும் திறந்தபின்தான் வரும். அதாவது 21 ஐடியா வாங்கவேண்டும், மூன்று முழுக் குழுக்கள். முதல் குழுவுக்கான இடமே நிர்வாகத் தொழில்நுட்பம் 5-இல்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஐடியாவுக்கும் அடிப்படை விலை 400 புள்ளி. மாதம் ஏழு எட்டுப் புள்ளி வரும் நாட்டுக்கு இது எத்தனை ஆண்டு வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வடிவமைப்புத் திரையில் ஒரே ஐடியா முன் இடத்தில் அதிக விலை, பின் இடத்தில் குறைந்த விலை. படையின் போர்த்திறனைக் கூட்டும் படைக்கட்டுப்பாடு என்ற ஐடியாவை ஆறாவது இடத்தில் வைத்தால் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அங்கே வைத்தேன். முதல் நாடு அது. விஜயநகரம் 1446-இல் வந்து நின்றபோது என் அருமையான படைக்கட்டுப்பாடு பூட்டிய அலமாரியில் இருந்தது. திறந்திருந்த மரபுகள் இரண்டும் வணிகம் பற்றியவை. ஓடி வருகிற யானைப்படைக்கு முன்னால் தராசைப் பிடித்துக்கொண்டு நின்ற கதைதான்.

மூன்றாவது நாட்டில் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்து, மரபு முதல் இலட்சியம் வரை போர் ஐடியாக்களாகவே அடுக்கினேன். ஐடியாவின் வலிமையைப் படிப்படியாக ஏற்றலாம்; நான் எடுத்தது ஒவ்வொன்றும் முதல் படிதான். மனக்கணக்கில் 200-க்குள் அடங்கவேண்டும், திரையில் அடங்கவில்லை. ஒவ்வொரு இடமாகச் சுட்டியை வைத்துப் பார்த்தேன். ஒன்றை நீக்கினால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைகிறது; வேறொன்றைச் சேர்த்தால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறுகிறது. ஒரு மாலைப்பொழுது முழுக்க இதிலேயே போனது. பிறகுதான் பிடிபட்டது. ஐடியாக்கள் நிர்வாகம், ராஜதந்திரம், போர் என்று மூன்று வகை. ஒரே வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் விலை தண்டனைபோல ஏறும். பத்தில் ஐந்துவரை தப்பு இல்லை. ஆறாவதைத் தொட்டால் வினை. ஐந்து போர் ஐடியாக்களை நிர்வாக ஐடியாக்களாக மாற்றினேன், கணக்கு படிந்தது. ஆனால் அந்த நாட்டுக்கு முகமே இல்லை. வெறும் எண்களின் மூட்டை. தொடங்காமலே மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

இன்னொன்று, படியை ஏற்றும்போது விலை சீராக ஏறாது, எகிறும். ஒரே ஐடியாவை உச்சப் படிக்கு ஏற்றுவதைவிட இரண்டு மூன்று ஐடியாக்களைத் தாழ்ந்த படியில் வைப்பது பெரும்பாலும் மலிவு.

நான்காவது நாட்டில் நான் அடுக்கிய முறை இது. மரபில் முதலாவதாகப் படை மன உறுதி; விலை கசந்தாலும் அங்கேதான் வேண்டும். இரண்டாவதாகச் சொந்தச் சமயத்தின் மீதான சகிப்பு. அது மலிவு, உள்நாட்டுக் கலகத்தையும் அடக்கும், கோவிலுக்கும் பொருத்தம். அடுத்து வளர்ச்சிச் செலவுக் குறைப்பு. சின்ன நாட்டுக்கு அது சோறு. பிறகு முத்துக்காகப் பொருள் உற்பத்தி, காயலுக்காகக் குதிரைப்படைத் திறன், நடுவில் ராஜதந்திர வகையில் இரண்டு. குதிரைப்படைத் திறன் வீண் என்று சிலர் சொல்வார்கள். எண்களை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. படைக்கட்டுப்பாட்டை நான்காவது இடத்தில் வைத்தேன். விலையும் தாங்கும், காத்திருப்பும் தாங்கும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து திறக்கும் இலட்சியத்துக்கு மீதியிருந்த சில்லறைப் புள்ளி.

முதல் நாள்

தொடங்கும் முன் உங்கள் வடிவத்தைச் சேமித்து வையுங்கள். தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் குறிப்பைப் படித்துக் கட்டிய ஒருவர், ஆட்டம் தொடங்கியபின் ஓர் ஐடியாவை மாற்ற நினைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டவேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தார். அயர்ன்மேன் முறையையும் முதல் முயற்சியில் தொடாதீர்கள். தவறு நடந்தால் பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது.

உள்ளே போனதும் கடிகாரத்தை ஓடவிடாமல் தூது அனுப்புங்கள். பாமினி சுல்தானகத்துக்கு முதலில். விஜயநகரத்தோடு அவர்களுக்குத் தலைமுறைப் பகை. தேவராயர் காலத்திலும் சண்டை ஓய்ந்ததில்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையிலிருக்கும் குட்டி நாட்டின் தூதை அவர்கள் மதிக்காமல் போகலாம். எனக்கு முதல் முறை மறுத்தார்கள். அப்போது மேற்கே வேணாட்டைக் கேளுங்கள். உறவை வளர்க்க ஒரு தூதரை அங்கேயே உட்கார வையுங்கள், படையை முழு அளவில் வைத்துக்கொள்ளுங்கள், கடன் வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பிறகு வேகத்தைக் கூட்டி 1455 வரை விடுங்கள். நாடு இன்னும் வரைபடத்தில் இருந்து, அரியணையில் பாண்டியர் இருந்தால், மதுரைப் பக்கம் பார்க்கத் தொடங்கலாம். விஜயநகரம் பாமினியோடு முட்டிக்கொள்ளும் மாதத்துக்காகக் காத்திருங்கள். எனக்கு அந்த மாதம் 1462-இல் வந்தது. அப்போது மகன்தான் அரசன்.